நல்லா வெந்தது ஒண்ணு

மார்ச் 5, சாம்பல் புதன்

கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் ரெஜினா கேட்டாள். "இந்தத் தவக்காலத்துக்கு என்ன ஒறுத்தல் பண்ணப் போறீங்க?"

கறியை விட முடியாது, ஆபீஸ் டின்னர் இருக்கு. காபியை விட்டா எனக்குத் தலை வெடிக்கும், அப்புறம் வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் வெடிக்கும். கடைசியா டைரி எழுதறேன்னு சொன்னேன், உண்மையை மட்டும். "அது உங்களுக்குக் கறியை விடறதைவிடக் கஷ்டமாச்சே" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவ வாய் மட்டும் குறையவே இல்ல.

சரி, உண்மை. அப்பா திண்டுக்கல்லிலிருந்து பெங்களூர் வந்து நாலு நாள் ஆச்சு. பல்லெல்லாம் ஆடுது, மிச்சம் இருக்கிறதையும் எடுத்துட்டு பல்செட்டு கட்டணும். அம்மா போனப்புறம் அவர் அங்க தனியாத்தான் இருக்கார். இனிமே எங்ககூடவே இருந்துடணும்னு எங்களுக்கு ஆசை. ரெஜினா பின்னறையைக் காலி பண்ணி, கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் தச்சு வச்சிருக்கா. அப்பாதான் பிடி குடுக்கல. "ஈஸ்டர் முடியட்டும்யா, சொல்றேன்" அப்படின்னுட்டார்.

தவக்காலம் தொடங்கிட்டா ஈஸ்டர் வரைக்கும் அவர் கறி தொடமாட்டார். அதனால நேத்து சாயங்காலம், கடைசி நாளாச்சேன்னு, எங்க டீம் மாசாமாசம் போற, மாட்டுக்கறியைத் தடித்துண்டாச் சுட்டுத் தர்ற ஸ்டேக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்கு ஸ்டேக் சாப்பிடக் கத்துக்குடுத்ததே என் மேலதிகாரி நிகில்தான். வெளியே சுட்டிருக்கணும், உள்ளே செவசெவன்னு இருக்கணும், வெட்டினா சாறு வழியணும். அதுதான் மீடியம் ரேர். முழுசா வேகவச்சுக் கேக்கிறவன் நிகில் கணக்குல மனுஷனே இல்ல. போன வருஷம் புதுசா சேர்ந்த ஒருத்தன் வெல் டன் கேட்டான். இன்னிக்கும் ஆபீஸ்ல அவனுக்கு அதான் பேரு.

அம்மா கடைசியா எடுத்துக்குடுத்த நீலக்கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டு அப்பா ஜம்முன்னு வந்து உக்காந்தார். வெயிட்டர் வந்தான். "தம்பி, எனக்கு நல்லா வேகட்டும். உள்ள செவப்பே தெரியக்கூடாது" என்றார். அந்த நேரம் பார்த்துத்தானா நிகில் பின்னாடி வந்து நிக்கணும்? வேற யாருக்கோ காத்திருந்தவர், எங்களைப் பார்த்துட்டு எங்க மேஜையிலேயே உக்காந்துட்டார். அப்பா என்ன கேட்டார்னு வெயிட்டர்கிட்ட விசாரிச்சார். அப்புறம் இங்கிலீஷ்ல, "அதுக்குப் பேசாம செருப்பைத் தின்னுடலாமே! ஓ, அங்கிள் லெதர் எக்ஸ்போர்ட்காரர் ஆச்சே, பழகிப்போயிருக்கும்" அப்படின்னு சொல்லிச் சிரிச்சார்.

நானும் சிரிச்சேன்.

எதுக்குன்னு தெரியாமலே அப்பாவும் சிரிச்சார். "சார் என்ன சொல்றாரு?"

"உங்க சட்டை நல்லா இருக்காம்ப்பா."

அப்பா காலரைத் தடவி விட்டுக்கிட்டு நிகிலுக்குக் கும்பிடு போட்டார். நான் வெயிட்டருக்குக் கண்ணைக் காட்டி மூணுமே மீடியம் ரேர்னு சொல்லிட்டேன்.

தட்டு வந்தது. அப்பா ஒரு துண்டு வெட்டினார், உள்ளே பார்த்தார், கத்தியைக் கீழே வச்சுட்டார். உருளைக்கிழங்கை மட்டும் சாப்பிட்டார். "பல்லு வலிக்குதுப்பா" என்றார். வலிச்சிருக்கும், மோசமான பல்லு.

லெதர் எக்ஸ்போர்ட் விஷயத்தையும் எழுதிடறேன். ஆபீஸ்ல நான் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். முழுப் பொய்னு சொல்ல முடியாது. அப்பா வாழ்நாள் பூரா தோல் ஷாப்புலதான் வேலை பார்த்தார். அங்க பதம் போட்ட தோல் கப்பலேறித்தான் போச்சு.

மார்ச் 6

தண்ணி லாரி வரல. வேற ஒண்ணும் விசேஷமில்ல.

மார்ச் 11

அப்பாவுக்குப் பல் எடுத்தாச்சு. வாயில பஞ்சோட வந்தவர், ரெஜினா கஞ்சி நீட்டினதும் சைகையிலேயே அவளைக் கும்பிட்டார். வாட்ச்மேன் நலம் விசாரிக்க மேலே வந்தான். பேச முடியாத வாயை வச்சுக்கிட்டு அவன்கிட்டயும் சட்டையைத் தொட்டுக் காட்டி என்னமோ சொல்றார். ரெஜினாதான் அவனுக்கு விளக்கினாள். "இவங்க ஆபீஸ் பெரிய சாரு மாமா சட்டையைப் பாராட்டினாராம்."

சொல்லிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு ஒரு போன் பண்ண வேண்டியிருந்தது, பால்கனிக்குப் போயிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

நிகில் தானாவே சொல்லிட்டார். "ஈஸ்டர் உங்க பண்டிகைதானே? நாங்க ரெண்டு பேரும் வர்றோம். நீதான் ஸ்டேக் சுடற." டீம்ல வேற யார் வீட்டுக்கும் அவர் இப்படிச் சாப்பிட வந்ததில்ல. சும்மா சொல்லக்கூடாது, கேட்டதும் எனக்கு ஒரு ரெண்டு இஞ்ச் வளர்ந்த மாதிரி இருந்தது.

கனமான வார்ப்பிரும்புச் சட்டி ஒண்ணும், கறிக்குள்ள குத்திச் சூடு பாக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணும் வாங்கினேன். "எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீங்க இப்படி வச்சுப் பார்த்ததில்ல" என்றாள் ரெஜினா.

சாயங்காலம் பழகிப் பார்க்கலாம்னு ஒரு துண்டு போட்டேன். நடுவுல போன் வந்து, பேசிட்டுத் திரும்பினா ஓரமெல்லாம் கருகி, உள்ளே வரைக்கும் காய்ஞ்சு போயிருந்தது. குப்பையில போட மனசு வரல. மிளகும் உப்பும் தூவி, அடுப்புப் பக்கத்துலேயே நின்னு முழுசாத் தின்னுட்டேன். சட்டியில ஒட்டினதையும் சுரண்டித் தின்னேன். வீணாக்கக்கூடாதுன்னுதான்.

அப்பா தண்ணி குடிக்க வந்தவர் வாசல்லேயே நின்னார். "வாசனை நம்ம வீட்டு வாசனையா இருக்கேப்பா" என்றார். தவக்கால வெள்ளிக்கிழமையில கறி தின்னதுக்கு ஒரு வார்த்தை சொல்லல. தம்ளரை எடுத்துக்கிட்டுப் போயிட்டார், கஞ்சி குடிக்க.

மார்ச் 15

வெள்ளிக்கிழமைன்னு நேத்து திங்கறப்ப ஞாபகமே இல்ல எனக்கு. இருந்தது. மறந்த மாதிரி இருந்துக்கிட்டேன். உண்மையை எழுதறேன்னுதானே ஒத்துக்கிட்டேன்.

ஏப்ரல் 2

ரெஜினாவோட சண்டை. "ஈஸ்டர் அன்னைக்கு மாமாவுக்கு மட்டும் ஒரு துண்டு தனியா நல்லா வேகவச்சா என்ன குறைஞ்சு போகும்?"

"நிகில் பார்த்தா?"

"பார்த்தா? போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவாரா?"

"உனக்குத் தெரியாது, ரெஜி. அவங்க அதையெல்லாம் ஒரு மாதிரி பாப்பாங்க."

"எனக்கு நல்லாவே தெரியும். ஸ்கூல்ல என் டிபன் பாக்ஸைத் திறந்தா பக்கத்துல இருக்கிறவ எந்திரிச்சுப் போவா, மாட்டுக்கறின்னு. இப்ப அவங்களே வந்து இப்படித் திங்காதே, அப்படித் தின்னுன்னு நமக்குப் பாடம் நடத்துறாங்க. நீங்களும் நோட்ஸ் எடுக்கிறீங்க." அப்புறம் குரலை இறக்கிக் கேட்டாள். "அன்னைக்குக் கடையில அந்த ஆளு உண்மையிலேயே சட்டையைப் பத்தித்தான் சொன்னாரா?"

"ஆமா."

சரி, அதையும் இங்க எழுதியாச்சு.

ஏப்ரல் 12

பல்செட்டு வந்தது. அப்பா கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பார்த்தார், முறைச்சுப் பார்த்தார், முறுக்கு ஒண்ணு கேட்டு வாங்கி நறுக்குன்னு கடிச்சார். "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க மாமா" என்று ரெஜினா சொல்ல, அவருக்கு வெக்கம்.

ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் என் பக்கத்துல வந்து உக்காந்தார். பொதுவா எதையும் கேக்கிற ஆள் இல்ல. "ஏப்பா, ஈஸ்டருக்கு நீ கறி சுடுறியாமே? புதுப் பல்லுக்கு மொதல் கறி. எனக்கு ஒண்ணு மட்டும் நல்லா வேகவச்சுடு. கருகினாலும் பரவாயில்ல."

"சரிப்பா. கண்டிப்பா."

"உங்க சார் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாருல்ல?"

"அதெல்லாம் ஒண்ணும் நெனைக்க மாட்டார்."

சந்தோஷமா எழுந்து போனார். பின்னறை ஜன்னல்ல காத்து நல்லா வருதுன்னு ரெஜினாகிட்ட சொல்லிட்டிருந்தார். இருந்துடுவார்னுதான் தோணுது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயில்ல சிலுவைப்பாதை. ஆபீஸ் போன். நிகில் வீட்டுக்கு லெதர் சோபா வாங்கறாங்களாம், ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட யோசனை கேக்கணுமாம். அப்பாகிட்ட எக்ஸ்போர்ட் விஷயத்தைச் சொல்லி வச்சுடணும். நாளைக்குச் சொல்றேன்.

ஏப்ரல் 19

சொல்லல.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

எழுதத்தான் வேணும்.

நிகிலும் அவர் மனைவி நந்திதாவும் பன்னிரண்டு மணிக்கு வந்தாங்க. அப்பா நீலக்கட்டம் போட்ட சட்டையைத் தானே இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். நந்திதா கோயம்புத்தூர்ல வளர்ந்தவங்களாம், தமிழ் நல்லாப் பேசுவாங்களாம். எனக்கு அது தெரியாது. தமிழ் கேட்டதும் அப்பாவுக்கு உற்சாகம் தாங்கல.

"சார் அன்னைக்கு இந்தச் சட்டையைத்தாம்மா நல்லா இருக்குன்னு சொன்னாரு. அதான் இன்னைக்கும் போட்டேன்."

அவங்க நிகில்கிட்ட இங்கிலீஷ்ல சொன்னாங்க. நிகில் முழிச்சார். "சட்டையா? நான் சட்டையைப் பத்தி எதுவும் சொல்லலையே. ஓ, அன்னைக்கா? வெல் டன் கேட்டார்னு செருப்புத் திங்கலாம்னு கிண்டல் பண்ணினேன்." சிரிச்சுக்கிட்டே இன்னும் கழட்டாத தன் ஷூவைத் தட்டிக் காட்டினார். நந்திதா என்னைப் பார்த்தாங்க. அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "ஆமா அங்கிள், ரொம்ப நல்ல சட்டை" என்றாங்க.

நல்ல பொம்பளை. ஆனா அப்பா அவங்க முகத்தைப் பார்க்கல. ஷூவைத் தட்டின கையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில கோவமே இல்ல. கோவம் இருந்திருந்தா எனக்கு எவ்வளவோ தேவலை.

நான் சமையல்கட்டுக்கு ஓடிட்டேன். அங்க பின்னடுப்புல ஒரு துண்டு, மூடி போட்டு வச்சிருந்தேன். அப்பாவுக்குச் சொன்னபடி, காலையிலேயே, ஒரு பொட்டுச் செவப்பு இல்லாம. இதை நான் செஞ்சேன், இதையும் எழுதணும். நிகில் பின்னாடியே வந்து மூடியைத் திறந்தார். "கடவுளே! என்ன கொடுமை இது? யாருக்கு?"

"டாக்" என்றேன் இங்கிலீஷ்லயே. "கீழ் வீட்டு நாய்க்கு."

திரும்பினா அப்பா வாசல்ல நிக்கிறார். தட்டு எடுத்துக் குடுக்க வந்திருக்கார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா அந்த ஒரு வார்த்தை யாருக்குத்தான் தெரியாது?

சாப்பிட உக்காந்தோம். "உங்களுக்கு எப்படி வேணும் அங்கிள்?" நந்திதா கேட்டாங்க. ரெஜினா என் முகத்தைப் பார்த்தாள். சொல்லுங்க, இப்பவாவது வாயைத் திறங்கன்னு பாக்கிற பார்வை. நான் கத்தியைத் துடைச்சுக்கிட்டிருந்தேன்.

"சாருக்கு எப்படியோ, எனக்கும் அப்படியேம்மா" என்றார் அப்பா.

போட்டேன். என் கையாலதான் போட்டேன். அவர் வெட்டினார். சாறு தட்டுல பரவி சாதத்துக்குள்ள போச்சு. புதுப் பல்லால மென்னார். ஒரு துண்டு விடல. நடுவுல ஒருதரம் கண்ணை மூடித் தண்ணி குடிச்சார், மறுபடியும் வெட்டினார். "எப்படி இருக்கு?" நிகில் கட்டைவிரலை உயர்த்திக் கேட்டார். அப்பாவும் கட்டைவிரலை உயர்த்தினார். "பஞ்சு மாதிரி இருக்கு சார்."

"இந்த வயசுல மீடியம் ரேர்!" நிகில் கை தட்டினார். அப்புறம் சோபா கதை வந்தது. நந்திதா தமிழ்ல கேட்டாங்க. "நீங்க லெதர் எக்ஸ்போர்ட் பண்ணிட்டிருந்தீங்களாமே?"

அப்பா மென்னு முழுங்கினார். "ஆமாம்மா. எக்ஸ்போர்ட்தான். இப்ப விட்டாச்சு."

மூணு மணிக்குக் கிளம்பினாங்க. கதவு சாத்தினதும் அப்பா குளியலறைக்குப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடுச்சு. தண்ணிச் சத்தத்தையும் மீறி அவர் வாந்தி எடுக்கிறது கேட்டது. ரெஜினா தட்டுகளைக் கழுவிக்கிட்டிருந்தாள். என்னைத் திட்டவே இல்ல. முதுகைக் காட்டிக்கிட்டே நின்னாள்.

நான் பின்னடுப்புத் துண்டைச் சுட வச்சு அவர் அறைக்கு எடுத்துட்டுப் போனேன். பல்செட்டைக் கழட்டி ஒரு கிண்ணத்துத் தண்ணியில போட்டிருந்தார். கன்னம் ஒட்டி, ஆளே சின்னதாத் தெரிஞ்சார்.

"அப்பா, இது உங்களுக்குத்தான் வச்சேன். சத்தியமா."

"தெரியும்ப்பா. காலையிலேயே வாசனை வந்துச்சு."

"கொஞ்சம் சாப்பிடுங்க."

"வேணாம்யா, இப்ப எதுவும் இறங்காது." தட்டை வாங்கிக் கட்டில் ஓரமா வச்சார். "நீ சின்னப் பையன்ல, தோல் ஷாப்புக்குள்ள நான் உன்னை விட்டதே இல்ல. அந்த நாத்தம் உனக்கு வேணாம்னுதான். பச்சைத் தோலு வரும். அதுல ஒட்டிக்கிட்டிருக்கிற சதையைக் கத்தி வச்சு வழிச்சுப் போடணும், காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும். செவசெவன்னு கையெல்லாம். வீட்டுக்கு வந்தா உங்கம்மா கறியை நல்லாக் கருக்க வறுத்து வச்சிருப்பா. வெந்திருந்தாத்தான்யா எனக்கு அது சாப்பாடு. வேகலன்னா அது வேலை."

இது எனக்குத் தெரியாதுன்னு எழுதத்தான் ஆசை. சதை வழிக்கிற வேலைன்னு தெரியும். அவர் கையை எத்தனை தடவை தேச்சுக் கழுவுவார்னு பார்த்து வளர்ந்தவன் நான். அதை இதோட சேர்த்து யோசிக்கல. யோசிச்சா சிரிக்க முடியாதே.

காலையில கிளம்பறேன்னுட்டார்.

ஏப்ரல் 21

ஸ்டேஷனுக்குப் போற வழியெல்லாம் நான்தான் பேசினேன். மன்னிச்சுடுங்கன்னு சொன்னேன். நிகில்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன், எக்ஸ்போர்ட்டும் இல்ல ஒரு மண்ணும் இல்லன்னு சொல்லிடறேன்னேன். பேசப் பேச, ஆட்டோக்காரர் கண்ணாடியில பார்க்கற அளவுக்கு ஆயிடுச்சு.

அப்பா என் முழங்கால்ல தட்டினார். "இப்ப போய்ச் சொல்லாதே. நேத்து அதைத் தின்னதே உனக்காகத்தான். நீ இப்ப மாத்திச் சொன்னா நான் தின்னது வீணாப்போயிடும்."

"இங்கேயே இருங்கப்பா. பின்னறை..."

"ரெஜினா தங்கமான பொண்ணு" என்றார். அதுதான் பதில். ரயில் வந்ததும் ஏறி ஜன்னல் பக்கம் உக்காந்து, "வெயில்ல நிக்காதே, ஆபீஸுக்குப் போ" என்றார்.

ஏப்ரல் 22

பின்னறைக் கதவுக்குப் பின்னாடி நீலக்கட்டம் போட்ட சட்டை தொங்குது. துவைச்சு, இஸ்திரி போட்டு வச்சிருக்கார். "மாமா மறந்துட்டாரு போல, பார்சல் அனுப்பிடலாமா?" என்று கேட்டாள் ரெஜினா. கேட்டவளுக்கே தெரியும், அவர் மறக்கல.

ஏப்ரல் 25

தவக்காலம் முடிஞ்சாச்சு, இனி எழுதணும்னு கட்டாயமில்ல. இருந்தாலும் இன்னிக்கு நடந்ததை எழுதிடறேன்.

டீம் டின்னர். அதே கடை. நிகில் எல்லார் முன்னாடியும் அப்பாவைப் பத்திப் பேசினார். "என்ன மனுஷன்! அந்த வயசுல, புதுப் பல்செட்டை வச்சுக்கிட்டு, மீடியம் ரேர். ஒரு துண்டு மிச்சம் வைக்கல. அவர்கிட்டேர்ந்து நீங்கல்லாம் கத்துக்கணும்." எல்லாரும் ஓன்னு கத்தினாங்க. வெல் டன்னு பேர் வாங்கின பையன் மேஜை ஓரத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

எல்லாத்தையும் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அப்பா சொன்னது ஞாபகம் வந்து முழுங்கிட்டேன்.

வெயிட்டர் என்கிட்ட வந்தான். வழக்கம்போலத்தானே சார்னு எழுதவே ஆரம்பிச்சுட்டான்.

"இல்ல தம்பி. எனக்கு நல்லா வேகட்டும். உள்ள செவப்பே தெரியக்கூடாது."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் நிகில்தான் ஆரம்பிச்சார். "செருப்பா? நீயா? அப்படிப்பட்ட அப்பாவுக்கு இப்படி ஒரு பிள்ளையா!" மேஜை அதிர்ந்தது. ஒருத்தன் ஷூவைக் கழட்டி என் தட்டுல வைக்கற மாதிரி நடிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கு இங்கிலீஷ் புரியாதது அப்பாவுக்கு நல்லதாப் போச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன். அப்புறம்தான் ஷூவைத் தட்டின கை ஞாபகம் வந்தது.

"எங்கப்பா அளவுக்கு என்னால வர முடியாது சார்" என்றேன். அதுக்கும் சிரிச்சாங்க.

ஸ்டேக் வந்தது. கருகின ஓரம், சாம்பல் நிறம், ஒரு சொட்டுச் சாறு இல்ல. எல்லாரும் பார்க்கப் பார்க்க முழுசாத் தின்னேன். ருசியா இருந்தது. எனக்கு எப்பவுமே இதுதான் புடிக்கும்.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேன். கறி."

அந்தப் பக்கம் டி.வி. ஓடிக்கிட்டிருந்தது. சத்தத்தைக் குறைச்சார்.

"வெந்திருந்துச்சா?" என்றார்.

"நல்லா வெந்திருந்துச்சுப்பா."